பி.பி. கிங் தட்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது: கோளாறு டெக்கிலா, தட்டிலா? கூட வாசித்தவர்கள் விவரமும் வேண்டும்

ஈசூன்_இசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க புளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கின் இசைத்தட்டுகள் நாலு கைக்கு வந்திருக்கின்றன: லைவ் அட் தி ரீகல், கம்ப்ளீட்லி வெல், இண்டியனோலா மிசிசிப்பி சீட்ஸ், லைவ் இன் குக் கவுண்டி ஜெயில். நாலும் அமெரிக்காவில் அச்சானவை. கூடவே தட்டைச் சுழற்ற பெல்ட் போட்ட ஒரு பழைய அமெரிக்க டெக். பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 16 வாட் என்று இருக்கிறது. நம்மூர் 230 வோல்ட்டை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கித்தான் ஓட்டுகிறேன்.

முதல் சிக்கல். 'தி த்ரில் இஸ் கான்' பி மைனர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. கிட்டாரை டியூனரில் சரிபார்த்துவிட்டுத் தட்டோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டவே இல்லை. ஜி ஷார்ப் மைனருக்கு இறக்கினால் ஓரளவு ஒட்டுகிறது, அங்கேயும் தட்டு கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. குரல் கனத்துப்போய்க் கேட்கிறது. இணையத்தில் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு என்னிடம் ஆறரை நிமிடம் ஓடுகிறது. பெல்ட் புதிது மாற்றியாயிற்று, மோட்டார் தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் விட்டாயிற்று. துளி மாற்றமில்லை. அரை மணி நேரம் ஓடினால் மோட்டார் பக்கம் நன்றாகச் சூடாகிறது.

இரண்டாவது, அதே பாட்டில் வயலின்கள் உயரும்போது கரகரவென்று உடைகிறது. அந்தப் பக்கத்தின் முதல் பாட்டு சுத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, ரீகல் தட்டிலும் குக் கவுண்டி தட்டிலும் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம். உறைகளும் ஊறிப்போய் எழுத்து தெரியவில்லை. அதனால் எதில் யார் வாசித்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் கோப்புகளில் பெயரோடு சேமித்துவிடுவேன். எதை முதலில் கணினிக்கு மாற்றலாம்?

கடைசியாக, 'த்ரில்' பாட்டை கிட்டாரில் எங்கே பிடிக்க வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நன்றி.

---

ஊசிமுனை எழுதியது:

தம்பி, தட்டில் குறை இல்லை. பெல்ட்டிலும் இல்லை. நீங்களே விடையை எழுதியிருக்கிறீர்கள்: 60 ஹெர்ட்ஸ்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் இறக்கும். மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னுமாக ஒரு முழுச் சுழற்சி போய் வருகிறது என்பதை, அதாவது ஹெர்ட்ஸை, அது தொடாது. இங்கே 50 தடவை, அமெரிக்காவில் 60. உங்கள் டெக்கில் இருப்பது சின்க்ரனஸ் மோட்டார், அந்தத் துடிப்போடு பூட்டிக்கொண்டு சுற்றுகிற வகை. நாலு துருவ மோட்டார் என்றால் அங்கே நிமிடத்துக்கு 1800 சுற்று, இங்கே 1500. தட்டு 33.3-க்குப் பதில் 27.8 சுற்றுகிறது. சுருதிக் கணக்கில் இது மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமான இறக்கம். பி என்பது நம் கணக்கில் 7 கட்டை. அதிலிருந்து இறங்கி ஐந்தரைக் கட்டைக்கும் கொஞ்சம் கீழே போய் நிற்கும். 'ஜி ஷார்ப்பிலும் கொஞ்சம் கீழே' என்று நீங்கள் சொன்னது காது சரியாகப் பிடித்த விஷயம். நேரமும் அப்படித்தான்: ஐந்தரைக்குச் சற்றுக் குறைவானதை 1.2-ஆல் பெருக்குங்கள், ஆறரை வந்துவிடும்.

உறுதி செய்ய, தட்டு சுற்றும் மேடையின் விளிம்பில் சின்னதாக ஒரு காகித நாடா ஒட்டி, ஊசியைத் தட்டில் வைத்த நிலையிலேயே 100 சுற்று எண்ணுங்கள். சரியான வேகமானால் 180 விநாடி. உங்களுக்கு 216 வரவேண்டும். கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று காட்டும் ஸ்ட்ரோப் தாளும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோடு வளையத்தைத்தான் பார்க்க வேண்டும், 60 ஹெர்ட்ஸுக்கானது 216 கோடு. அதோடு, இப்போதைய எல்இடி விளக்குகள் பலவற்றில் அந்தத் துடிப்பே இருக்காது, கோடுகள் கலங்கித்தான் தெரியும். எண்ணுவதே மேல்.

சூட்டுக்கும் இதே காரணம். 60-க்குச் சுற்றிய கம்பிச்சுருள் 50-இல் குறைவாகத்தான் எதிர்க்கும், மின்னோட்டம் கூடும், இரும்புக்கரு திணறும். எண்ணெய் விட்டுத் தீராது. இந்த நிலையில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் புல்லி, அதாவது மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம். பழைய டெக்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே இரண்டு வகையும் விற்றார்கள், மாடல் எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் லேத்தில் கடையச் சொல்லலாம். அங்கேதான் பலர் தவறுவது: பழைய புல்லியின் விட்டத்தை 1.2-ஆல் பெருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். பெல்ட்டின் பருமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தேவை 12 அல்ல, 12.12. வெறும் 12-இல் கடைந்தால் ஏறக்குறைய 1 சதவீதம் மெதுவாக ஓடும், சுருதிப்பெட்டியோடு வைத்தால் காதுக்குத் தெரியும். புல்லி மேல் டேப் சுற்றிப் பருமனாக்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள். டேப் முடிகிற மடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டைத் தூக்கிப் போடும், நீளமாக நிற்கும் சுரங்கள் நடுங்கும். சூட்டில் பசையும் வழியும். புல்லி மாற்றினால் வேகம் சரியாகுமே தவிர மோட்டார் சூடு அப்படியேதான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது வழி, 60 ஹெர்ட்ஸ் அலையைத் தானே உருவாக்கித் தரும் மின்வழங்கி. உங்கள் 16 வாட் மோட்டாருக்கு 50 வாட் தாங்குவது தாராளம். தூய சைன் அலை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், படிக்கட்டு அலை தரும் மலிவு இன்வர்ட்டரில் மோட்டார் ரீங்கரிக்கும், அந்த ரீங்காரம் ஊசி வழியாக ஸ்பீக்கர் வரை வரும். இதில் வேகம், சூடு இரண்டும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

இனி அந்தக் கரகரப்பு. 'த்ரில்' அந்தத் தட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும், உள்ளே போகப் போக 21-க்கு வந்துவிடும். அதே வயலின் சுரத்தை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள், உருண்டை முனை ஊசி அந்த நெளிவுக்குள் இறங்க முடியாமல் மேலே உரசிக்கொண்டு போகும். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) கோணம் சற்றுப் பிசகியிருந்தால் இன்னும் மோசம். அலைன்மென்ட் அட்டை ஒன்றை அச்சடித்து இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா பாருங்கள். ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜ் தாளில் சொன்ன எல்லையின் மேல்பாதியில் இருக்கட்டும்: 1.5 முதல் 2 கிராம் என்றால் 1.8 வையுங்கள். அழுத்தம் கூடினால் தட்டு தேயும் என்று பயந்து குறைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள், லேசான ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தும். இத்தனைக்குப் பிறகும் உடைந்தால் நீள்வட்ட முனை ஊசிக்கு மாறுங்கள். அதிலும் போகாவிட்டால் முந்தைய சொந்தக்காரரின் ஊசி ஏற்கெனவே தேய்த்துவிட்டது என்று பொருள்.

---

ஈசூன்_இசை எழுதியது:

எண்ணிப் பார்த்தேன் அண்ணே. 216 விநாடி, அச்சு அசலாக. மின்வழங்கி வழிக்கே போகிறேன்.

---

பக்கவாத்தியம் எழுதியது:

யார் யார் வாசித்தார்கள் என்று கேட்டது நல்ல கேள்வி. கிங் விஷயத்தில் அது துணைத் தகவல் அல்ல, பாதி இசையே அதுதான். அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், ஒரு வரி பாடுவார், லூசில் என்று அவர் பெயரிட்ட கிட்டார் பதில் சொல்லும். கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்துத் தாளம் போடும் வேலையும் அவருடையது அல்ல, அது தமக்கு வராது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்தக் குரலுக்கடியில் தரை போடுவது வேறு யாரோ. ஒவ்வொரு தட்டிலும் அந்தத் தரை வேறு, அதற்கேற்ப அவர் நடையும் வேறு. கச்சேரியில் மிருதங்கக்காரர் மாறினால் பாடகரின் நிரவல் மாறுமே, அதே கதை.

ரீகல்: சிகாகோவில் 1964 நவம்பர் 21 அன்று பதிவானது, தயாரிப்பு ஜானி பேட். ஊர் ஊராக அவரோடு சுற்றிய சொந்தக் குழுதான் மேடையில். பியானோ டியூக் ஜெத்ரோ, பேஸ் லியோ லாச்சி, டிரம்ஸ் சன்னி ஃப்ரீமன், டெனர் சாக்ஸ் பாபி ஃபோர்ட், ஜானி போர்ட், டிரம்பெட் கென்னி சாண்ட்ஸ். கவனியுங்கள், இரண்டாவது கிட்டார் கிடையாது. கார்டு முழுக்கப் பியானோவும் ஊதுவாத்தியங்களும். அதனால்தான் கிட்டார் ஒலிக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றிலும் காற்றோட்டமாக இருக்கிறது. 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' முடிந்து அடுத்த பாட்டுக்குள் குழு நிற்காமல் நுழையும் இடத்தில் ஃப்ரீமனை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், பாதை மாற்றுவது அவர் கைதான். 'ஹவ் புளூ கேன் யூ கெட்' பாட்டில் குழு மொத்தமும் சட்டென்று நின்று குரலைத் தனியே விடும், கூட்டம் அலறும். அந்த அலறலும் இசையின் பகுதியே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2005-இல் இந்தத் தட்டைச் சேர்த்தது.

இதைக் கணினிக்கு மாற்றும்போது ஒரு தவறு நடக்கும். பாட்டு பாட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலியை மங்கவைத்து, நடுவே இரண்டு விநாடி மௌனம் வைத்துவிடுவார்கள். கூட்டத்தின் சத்தம் அறுந்து அறுந்து வரும், கேட்கவே முடியாது. வெட்டினால் கோட்டின் மேல் வெட்டுவதுபோல் வெட்டுங்கள், மங்கலும் வேண்டாம் மௌனமும் வேண்டாம். ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கம்ப்ளீட்லி வெல், 1969: இது நியூயார்க்கில், ஹிட் ஃபேக்டரி ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் பில் சிம்சிக், பின்னாளில் ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் பெரிய தட்டுகளைத் தயாரித்தவர். சொந்தக் குழுவை விட்டுவிட்டு ஸ்டுடியோ வாத்தியக்காரர்களோடு வாசிக்கச் சொன்னது அவர்தான். பேஸ் ஜெரி ஜெமாட், டிரம்ஸ் ஹெர்பி லவெல், கீபோர்டு பால் ஹாரிஸ், இரண்டாவது கிட்டார் ஹியூ மெக்ராக்கன். 'த்ரில்' புதுப்பாட்டு அல்ல, ராய் ஹாக்கின்ஸ் 1951-இலேயே வெளியிட்டது. சிம்சிக் பாட்டைப் பதிவு செய்த பிறகு, வயலின் குழு சேர்க்கலாமா என்று கிங்கிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார், பெர்ட் டிகோட்டோ எழுதிக் கொடுத்தார். பாப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை போனது, கிராமியும் கிடைத்தது.

வயலினைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் கேட்கச் சொல்வது ஜெமாட்டை. பேஸ் ஒரே சொற்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு சுரம் மட்டும் நகர்த்துகிறது. கிங் ஒரு சுரத்தை அடித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருக்க முடிவது அந்தப் பிடிமானத்தால். பாடல் வரிகள் முடிந்தபின் கிட்டாரும் வயலின்களும் மாறி மாறிப் பேசிக்கொண்டே மங்கும் பகுதி இருக்கிறதே, சுருக்கி வெளியிட்ட சிங்கிள் தட்டில் அது பெரும்பாலும் போய்விட்டது. முழு நீளத்துக்கு உங்களிடம் இருக்கும் ஆல்பம்தான் சரி.

இண்டியனோலா, 1970: அதே சிம்சிக், இம்முறை பெயர் பெற்ற இளைஞர்கள் சுற்றிலும். பியானோவில் லியோன் ரஸ்ஸல், கரோல் கிங், கிட்டாரில் ஜோ வால்ஷ், டிரம்ஸில் ரஸ் குங்கல், பேஸில் பிரையன் கரஃபாலோ. முதல் துண்டு ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதில் கிங்கே பியானோ வாசித்துப் பாடுகிறார். 'செயின்ஸ் அண்ட் திங்ஸ்' பாட்டை இரண்டு முறையாவது கேளுங்கள். கிட்டார் தனியில் ஒரு தப்பான சுரத்தில் விரல் விழுந்துவிட்டது, அதையே திரும்ப வாசித்துச் சமாளித்து வெளியே வந்தார். அது பிடித்துப்போகவே, வயலின்களும் அதே நடையைப் பின்தொடரும்படி எழுதச் சொன்னார்களாம், கிங்கே சொன்னது. உறை அழிந்தது வருத்தம்தான், தர்ப்பூசணியில் கிட்டார் செதுக்கிய படம், அதற்கே கிராமி கொடுத்தார்கள்.

குக் கவுண்டி சிறை: 1970 செப்டம்பர் 10 பதிவு, வெளியீடு 1971. மறுபடி சொந்தக் குழு. சன்னி ஃப்ரீமன் டிரம்ஸ், வில்பர்ட் ஃப்ரீமன் பேஸ், ரான் லெவி பியானோ, ஜான் பிரவுனிங் டிரம்பெட், லூயிஸ் ஹ்யூபர்ட் டெனர் சாக்ஸ், புக்கர் வாக்கர் ஆல்டோ சாக்ஸ். தட்டு தொடங்கியதும் அறிவிப்பாளர் ஷெரிப்பையும் தலைமை நீதிபதியையும் பெயர் சொல்லி வரவேற்கிறார், கைதிகள் ஊளையிடுகிறார்கள். ஊசியை நேராகப் பாட்டில் வைத்துவிடாதீர்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் பாட்டுக்குப் போக வேண்டும். இதிலும் 'த்ரில்' இருக்கிறது, வயலின் இல்லாமல், அந்த இடத்தை ஊதுவாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஸ்டுடியோப் பதிவைக் கேட்ட கையோடு இதைக் கேட்டால், தரை மாறினால் நடை எப்படி மாறுகிறது என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். எனக்கு இரண்டில் இதுதான் மேல்.

அடுத்து வாங்குவதாக இருந்தால் 1969-இன் 'லைவ் அண்ட் வெல்'. ஒரு பக்கம் நியூயார்க் வில்லேஜ் கேட்டில் சொந்தக் குழுவோடு மேடை, மறுபக்கம் ஸ்டுடியோவில் ஜெமாட், மெக்ராக்கன், லவெல், ஹாரிஸோடு அல் கூப்பரும். இரண்டு உலகமும் ஒரே தட்டில். எரிக் கிளாப்டனோடு 2000-இல் வந்த 'ரைடிங் வித் தி கிங்' நன்றாகப் பதிவானது, ஸ்டீவ் கேட், நேதன் ஈஸ்ட், ஜோ சாம்பிள் என்று பெரிய கைகள். ஆனால் வாத்தியம் கூடிப்போய் லூசில் பதில் சொல்ல இடம் குறைந்துவிட்டது. அவர் மூச்சு விடும் இடம் எனக்கு அதில் போதவில்லை.

எதை முதலில் மாற்றுவது? ரீகல். கம்ப்ளீட்லி வெல் கடைசியில் இருக்கட்டும், ஊசி வேலை முடிந்த பிறகு.

---

ஈரப்பதம்60 எழுதியது:

பூஞ்சணத்துக்கு வருகிறேன். அதைத் துடைக்காமல் ஊசி வைக்காதீர்கள், ஊசி அந்த வித்துகளைப் பள்ளத்துக்குள் மாவாகத் திணித்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

வீட்டுக்குள் ஏசி அறையில் செய்யாதீர்கள், வித்து பறந்து மற்றத் தட்டுகளில் உட்காரும். காற்றோட்டமான சர்வீஸ் யார்டில் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கலவை: வாலைவடிநீர் 800 மில்லிலிட்டர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லிலிட்டர், படச்சுருள் கழுவுவோர் பயன்படுத்தும் ஈரமாக்கும் திரவம் நாலைந்து சொட்டு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், அதில் இருக்கும் நிறமும் மணமும் பள்ளத்தில் தங்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் அதிலுள்ள உப்பு படபடவென்று வெடிக்கும் சத்தமாகத் திரும்பி வரும்.

நடுவிலுள்ள லேபிளை நனையாமல் மூடிக்கொண்டு, மென்மயிர் பிரஷ்ஷால் வட்டப்போக்கில் மட்டும் தேய்க்கவும், குறுக்கே அல்ல. கலவை தட்டில் ஒரு நிமிடம் ஊறட்டும். மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, சுத்தமான வாலைவடிநீரில் மறுபடி ஒருமுறை அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். முதல் கலவை கரைத்த அழுக்கு வெளியேறாமல் அங்கேயே காய்ந்து, 'கழுவியும் சத்தம் போகவில்லை' என்ற புகார் வருவது அதனால்தான். நிமிர்த்தி வைத்து முழுக்கக் காய வையுங்கள், வெயிலில் மட்டும் வேண்டாம், வளைந்துவிடும்.

இது வினைல் தட்டுக்கு மட்டும். 1950-களின் பழைய 78 சுற்றுத் தட்டுகள் எப்போதாவது கிடைத்தால் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

காய்ந்த தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். உள்ளுறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய பாலிஎத்திலின் உறை வாங்குங்கள். பளபளப்பான கனத்த பிவிசி வெளியுறை வேண்டாம், நம்மூர் வெக்கையில் அதிலிருந்து கசிவது தட்டின் மேல் மங்கலாகப் படியும், அது போகாது. ஊறிய அட்டை உறையைத் தட்டோடு சேர்க்காமல் தனியே உலர்த்தி வையுங்கள்.

வைக்கும் இடம்: கேமராக்காரர்கள் பயன்படுத்தும் டிரை கேபினட் போதும், 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். வாங்கும் முன் உள் உயரத்தையும் ஆழத்தையும் அளங்கள், ஆல்பம் உறை 31.5 சென்டிமீட்டர், லென்ஸுக்கான தட்டு அடுக்குகளில் நுழையாது. ஈரப்பதத்தை 30-க்கு இறக்கினால் அட்டை நொறுங்கத் தொடங்கும். கேபினட் இல்லாவிட்டால், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வேர்க்கும்.

---

ஏழுகட்டை எழுதியது:

கிட்டார் பாகம் என் பங்கு.

பாட்டின் ஒரு சுற்று 12 பார் (தாள அளவு). கார்டும் அது எத்தனை பார் என்பதும்: பி மைனர் நாலு, ஈ மைனர் இரண்டு, மறுபடி பி மைனர் இரண்டு, 'ஜி மேஜர் ஏழு' ஒன்று, 'எஃப் ஷார்ப் ஏழு' ஒன்று, பி மைனர் இரண்டு.

கையை இரண்டாம் கம்பி 12-ஆம் கட்டத்தில் ஆட்காட்டி விரலோடு வையுங்கள். அதுதான் பி, உங்கள் சட்ஜம். கிங்கின் வாசிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு கையகல இடத்தில்தான். அதே கம்பியில் 14 சி ஷார்ப், முதல் கம்பியில் 12 ஈ, 14 எஃப் ஷார்ப். இனி முக்கியமான இடம். 14-ஆம் கட்டத்து சி ஷார்ப்பை, அதாவது சதுச்ருதி ரிஷபத்தை, கம்பியை வளைத்து அரைச்சுரம் மட்டும் ஏற்றினால் சாதாரண காந்தாரம். இந்தப் பாட்டுக்கு அதுவே வேண்டும். கிங்கின் மற்றப் பாட்டுகளைப் பழகியவர் விரல் பழக்கத்தில் முழுச்சுரம் ஏற்றிவிடும், அந்தர காந்தாரம் பேசிவிடும், மைனர் பாட்டு சட்டென்று வேறு முகம் காட்டும். சரிபார்க்க எளிய வழி: முதலில் 15-ஆம் கட்டத்தை வளைக்காமல் அடித்துக் கேளுங்கள், பிறகு 14-இலிருந்து வளைத்து அதே சுரத்தைத் தொடுங்கள். பத்துக்குப் பத்து சேரும்வரை வேறெதற்கும் போக வேண்டாம்.

எஃப் ஷார்ப் ஏழு வரும் அந்த ஒரு பாரில் ஏ சுரத்தில் உட்காராதீர்கள், கீழே கார்டில் ஏ ஷார்ப் ஒலிக்கிறது, உரசும். எஃப் ஷார்ப்பில் நில்லுங்கள்.

நடுக்கம்: பெருவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்காட்டி விரல் ஒன்றுதான் கம்பியில் ஊன்றியிருக்கும், மற்ற விரல்கள் விரிந்து காற்றில் நிற்கும். கதவுக் குமிழைத் திருகுவதுபோல் மணிக்கட்டு திரும்ப வேண்டும், விரல் தனியே தேய்க்கக்கூடாது. சுரத்தை அடித்த உடனே நடுக்காமல், அது நிலைகொள்ளும்வரை ஒரு கணம் விட்டுப் பிறகு தொடங்குங்கள். வேகம் முழுக்கச் சீராக இருக்கட்டும், கடைசியில் அவசரப்பட்டால் ஆட்டமாகிவிடும்.

கம்பி: அவர் பெயரில் வந்த செட், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 10, 13, 17, 32, 45, 54. மேலே மெல்லியது, வளைக்கலாம், கீழே கனம். 54 நுழைய நட்டின் (கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும். நட்டை மாற்ற மனமில்லாவிட்டால் சாதாரண 10 செட்டே போதும், கீழ்க்கம்பிகளுக்கு இந்தப் பாட்டில் வேலை இல்லை.

---

ஈசூன்_இசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மின்வழங்கி வர இரண்டு வாரமாகும். அதுவரை இந்த வேகத்திலேயே பதிவு செய்து கணினியில் வேகத்தைக் கூட்டினால் ஆகாதா?

---

ஊசிமுனை எழுதியது:

ஆகும், பழகிப் பார்க்க மட்டும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தை மாற்றும் கட்டளையில் பெருக்கல் 1.2 கொடுங்கள். சுருதியை மட்டும் அல்லது காலத்தை மட்டும் மாற்றும் கட்டளைகள் பக்கத்திலேயே இருக்கும், அவை ஒலியைச் செயற்கையாக நீட்டிச் சுருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

ஆனால் அது இறுதிப் பிரதியாகாது. தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி எழுதுவார்கள். ஊசியின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பகுதி அதைத் திருப்பிச் சரிசெய்யும்போது 33.3 சுற்று என்று நம்பித்தான் செய்கிறது. 27.8-இல் எடுத்துவிட்டு வேகத்தை ஏற்றினால் அந்தத் திருத்தம் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விழும், பேஸும் உச்சமும் ஒன்றரை டெசிபல் வரை தூக்கலாக வரும். ஜெமாட்டின் பேஸ் உப்பிக் கேட்கும். மோட்டார் சூட்டையும் நினைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட்டி ஆறவிடுங்கள். அதற்கு முன் தட்டைக் கழுவியிருக்க வேண்டும்.